125 சதவீதத்தில் பிசிறடித்த ஐகான்: ஒரு பழுதுபார்ப்புக் குறிப்பு

கடைப் பொருட்களுக்கு விலைச்சீட்டு அச்சடிக்கும் சின்ன விண்டோஸ் நிரல். சி++, நேரடி வின்32 (விண்டோஸின் அடிப்படை ஃபங்க்ஷன்கள்), இடையில் எந்த ஃபிரேம்வொர்க்கும் கிடையாது. 100 சதவீத ஸ்கேலிங்கில் (திரையில் எல்லாவற்றையும் விண்டோஸ் பெரிதாக்கிக் காட்டும் அளவு) அதன் ஐகான் பளிச்சென்று இருக்கும். அதே ஜன்னலை 150 சதவீதத்தில் ஓடும் லேப்டாப் திரைக்கு இழுத்தால் தண்ணீர் தெளித்த கோலம் மாதிரி கலங்கிவிடும். 125-இல் இன்னும் மோசம். டைட்டில் பார், டாஸ்க்பார், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிஸ்டம் ட்ரே, டூல்பார் என்று நான்கு இடத்திலும் நான்கு விதமான மங்கல். இப்போது 100, 125, 150, 200 எல்லாவற்றிலும் சரியாக நிற்கிறது, ஓடும்போதே ஸ்கேலிங்கை மாற்றினாலும் நிற்கிறது. வழியில் போன தப்பான சந்துகளையும் விடாமல் வரிசையாகக் கீழே.

சோதனைக்கு இரண்டு திரை. 24 அங்குல மானிட்டர், 1920×1080, 100 சதவீதம். 14 அங்குல லேப்டாப், அதே 1920×1080, 150 சதவீதம். கருவிகள், படம் வரைய இங்க்ஸ்கேப், படக் கோப்புகளை மாற்ற இமேஜ்மேஜிக், விஷுவல் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பு, பெயிண்ட். பணச் செலவு இல்லை, போனதெல்லாம் நேரம்தான்.

முதலில், எது மங்குகிறது?

நிரலின் கோடில் (code) கை வைக்கும் முன் மூன்று விஷயம் பார்த்துவிட வேண்டும். திரை அதன் சொந்த ரெசல்யூஷனில்தான் ஓடுகிறதா? 1920×1080 பேனலை 1366×768-இல் ஓட்டினால் எல்லாமே மங்கும், ஐகானைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அடுத்து, பெரிதாக்கிப் பார்க்கும் கருவி. விண்டோஸ் மேக்னிஃபையர் விளிம்புகளைத் தானே மழுப்பிக் காட்டும். அதன் அமைப்பில் விளிம்பை மென்மையாக்கும் தேர்வை எடுத்துவிட்டால்தான் உண்மை தெரியும். நம்பகமான வழி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து பெயிண்டில் 800 சதவீதத்தில் பார்ப்பது. மொபைலில் படம் பிடித்து அனுப்பினால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம். எழுத்தும் சேர்ந்து மங்குகிறதா, ஐகான் மட்டுமா? எழுத்தும் மங்கினால், நிரலுக்கு டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்) பற்றி ஒன்றும் தெரியாது என்று விண்டோஸ் முடிவு செய்து, ஜன்னல் முழுவதையும் 96 டிபிஐ-யில் வரையவிட்டு, வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது என்று பொருள். அந்த நிலையில் எத்தனை நல்ல ஐகான் வைத்தாலும் அது இழுபட்டுத்தான் தெரியும். எழுத்து கூர்மையாக இருந்து ஐகான் மட்டும் மங்கினால் கோளாறு நம் ஐகானில், அல்லது அதை ஏற்றும் விதத்தில். இந்த நிரலில் இரண்டும் இருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக.

மேனிஃபெஸ்ட்

பழைய மேனிஃபெஸ்டில் (நிரல் தன்னைப் பற்றி விண்டோஸிடம் சொல்லும் குறிப்பு) டிபிஐஅவேர் என்ற வரிக்கு 'ட்ரூ' என்று மட்டும் போட்டிருந்தது. அதற்குப் பொருள், லாகின் செய்தபோது முதன்மைத் திரைக்கு என்ன டிபிஐ இருந்ததோ அது ஒன்றுதான் நிரலுக்குத் தெரியும் என்பது. முதன்மைத் திரையில் கூர்மை, மற்றதில் மங்கல். மாற்றாக டிபிஐஅவேர்னஸ் என்ற புதிய வரியைச் சேர்த்து, மதிப்பாக 'பெர்மானிட்டர்வி2, பெர்மானிட்டர்' என்று இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதினேன். முதலாவது விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து செல்லும். அதற்கு முந்தைய 1607 பதிப்பு இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். வி2-வின் லாபம், டைட்டில் பார், மெனு, ஸ்க்ரோல் பார் ஆகியவற்றை விண்டோஸே அந்தந்தத் திரைக்கு ஏற்ப வரைந்துவிடுகிறது. வெறும் பெர்மானிட்டர் வகையில் டைட்டில் பார் தானாக அளவு மாறாது, அந்த வேலையும் நம் தலையில்.

கம்பைல் செய்தால் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு மணி நேரம் மேனிஃபெஸ்டையே சந்தேகித்தாகிவிட்டது. உண்மையில் அந்தக் கணினியில் யாரோ முன்பு எக்ஸ்இ கோப்பின் ப்ராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி தாவலுக்குப் போய், ஹை டிபிஐ நடத்தையை 'சிஸ்டம்' என்று மாற்றி வைத்திருந்தார்கள். மங்கலுக்குக் கைவைத்தியம். அந்தத் தேர்வு இருக்கும்வரை மேனிஃபெஸ்ட் சொல்வது எடுபடாது. இதை உடனே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் தாவல், தலைப்பு வரிசையில் வலது க்ளிக், டிபிஐ அவேர்னஸ் என்ற பத்தியைச் சேர்த்தால் ஓடும் நிரலின் உண்மை நிலை தெரியும். அங்கே 'பெர் மானிட்டர்' என்று பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

ஏற்றும் ஃபங்க்ஷன்

எழுத்துகள் சரியாகிவிட்டன. ஐகான் அப்படியே மங்கல்.

காரணம் பழைய கோடின் முதல் பக்கத்திலேயே இருந்தது. விண்டோ கிளாஸை, அதாவது ஜன்னலின் அடிப்படை விவரங்களை, விண்டோஸிடம் பதிவு செய்யும்போது லோட்ஐகான் என்ற பழைய ஃபங்க்ஷனைக் கூப்பிட்டு, வந்த ஒரே கைப்பிடியை (ஹேண்டில், ஐகானைக் குறிக்கும் எண்) சின்ன ஐகானுக்கும் பெரிய ஐகானுக்கும் கொடுத்திருந்தது. லோட்ஐகான் கொடுப்பது பெரிய ஐகான் அளவு மட்டும், 100 சதவீதத்தில் 32 பிக்சல். டைட்டில் பாருக்கு வேண்டியதோ 16. ஆக, 100 சதவீதத்தில்கூட டைட்டில் பாரில் இருந்தது சுருக்கப்பட்ட 32-தான். நேர் பாதி என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

அளவுகளின் கணக்கு இது. 100 சதவீதம் என்பது 96 டிபிஐ, 125 என்பது 120, 150 என்பது 144, 175 என்பது 168, 200 என்பது 192. சின்ன ஐகான் அந்த வரிசையில் 16, 20, 24, 28, 32. பெரிய ஐகான் 32, 40, 48, 56, 64. டாஸ்க்பார் மட்டும் தனிக்காட்டு ராஜா, அது காட்டுவது 24, 30, 36, 42, 48.

மாற்று, லோட்ஐகான்வித்ஸ்கேல்டவுன். பெயர்தான் நீளம், வேலை நேர்த்தி. கேட்ட அளவு கோப்பில் இருந்தால் அதையே தரும். 40 மாதிரி வழக்கமல்லாத அளவைக் கேட்டு அது இல்லாவிட்டால், அடுத்த பெரிய படத்தை எடுத்துச் சுருக்கும். லோட்இமேஜ் என்ற இன்னொரு ஃபங்க்ஷன் அப்படியல்ல, பக்கத்தில் இருக்கும் சின்னதை எடுத்து இழுத்துவிடவும் கூடும். இழுத்ததைவிடச் சுருக்கியது கண்ணுக்கு எப்போதும் மேல். ஒரு எச்சரிக்கை. லோட்ஐகான்வித்ஸ்கேல்டவுன் விண்டோஸின் காமன் கன்ட்ரோல்ஸ் நூலகத்தின் பதிப்பு 6-இல்தான் இருக்கிறது. மேனிஃபெஸ்டில் அந்தப் பதிப்பைக் கேட்காமல் விட்டால் நிரல் திறக்கும்போதே பிழைப்பெட்டி காட்டி நின்றுவிடும்.

அளவைக் கேட்கும் இடத்தில் அடுத்த சறுக்கல். கெட்சிஸ்டம்மெட்ரிக்ஸ் என்று கேட்டால் 150 சதவீதத் திரையிலும் 16 என்றே பதில் வந்தது. அதற்கு முதன்மைத் திரையின் டிபிஐதான் தெரியும், அது 100 சதவீதத்தில் இருந்தது. கேட்க வேண்டியது கெட்சிஸ்டம்மெட்ரிக்ஸ்ஃபார்டிபிஐ. டிபிஐ-யை கெட்டிபிஐஃபார்விண்டோ சொல்லும். இரண்டும் விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து உண்டு.

எப்போது ஏற்றுவது என்பதில் இரண்டு தருணம். ஜன்னல் உருவாகும்போது ஒருமுறை, ஏனென்றால் டிபிஐ மாற்றச் செய்தி தொடக்கத்தில் வராது, மாறும்போதுதான் வரும். பிறகு அந்த மாற்றச் செய்தியான டபிள்யூஎம்_டிபிஐசேஞ்ச்ட் வரும்போதெல்லாம். அந்தச் செய்தியோடு விண்டோஸ் ஒரு செவ்வகத்தையும் அனுப்புகிறது, ஜன்னலின் புதிய இடமும் அளவும். அதை அப்படியே ஜன்னலை நகர்த்தும் செட்விண்டோபாஸ்-க்குக் கொடுத்துவிட வேண்டும். சொந்தமாகக் கணக்குப் போட்டு வேறு அளவு வைத்தபோது, இரண்டு திரைகளுக்கும் நடுவில் ஜன்னல் பாதி இங்கே பாதி அங்கே என்று நின்று, டிபிஐ மாறி மாறித் துடித்தது. பார்க்க வேடிக்கை, இப்படி ஒரு நிரலைப் பயனருக்கு அனுப்ப முடியாது.

புது ஐகானை டபிள்யூஎம்_செட்ஐகான் வழியாகச் சின்னதுக்கு ஒருமுறை, பெரியதுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். அது திருப்பித் தருவது பழைய ஐகானின் கைப்பிடி. பழையதை அழித்துவிட்டுப் புதியதை அனுப்பும் வரிசையில் முதலில் எழுதியிருந்தேன், டைட்டில் பாரில் ஒரு கணம் வெற்றிடம் மின்னியது. முதலில் அனுப்பு, பிறகு அழி. அழிக்கவே மறந்தால் திரை தாண்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு ஐகான் கசியும். டாஸ்க் மேனேஜரில் யூசர் ஆப்ஜெக்ட்ஸ் பத்தியைப் போட்டுக்கொண்டு ஜன்னலை இருபது முறை இங்கும் அங்கும் இழுத்துப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு. பழைய லோட்ஐகான் தந்தவற்றை மட்டும் அழிக்கக் கூடாது, அவை பொதுச்சொத்து.

ஐசிஓ கோப்பு

இத்தனைக்கும் பிறகு டைட்டில் பார் 150-இல் 24 பிக்சல் ஐகானைச் சரியாகக் கேட்டது. கோப்பில் 24 இல்லை. பழைய ஐசிஓ-வில் (ஒரே ஐகானின் பல அளவுப் படங்களை அடுக்கி வைக்கும் கோப்பு) இருந்தவை 16, 32 இரண்டே படங்கள், மொத்தம் 5,430 பைட்.

சோம்பேறித்தனமான வழியை முதலில் முயன்றேன். 256 பிக்சலில் ஒரே படம் வரைந்து, இமேஜ்மேஜிக்கின் தானியங்கி அளவுமாற்றத் தேர்வில் எல்லா அளவையும் வரிசையாகக் கொடுத்தால் ஒரே கட்டளையில் ஐசிஓ வந்துவிடும். வந்தது. கேட்ட அளவுகள் எல்லாம் இருந்தன, 20-உம் 24-உம் சேறு. எஸ்விஜி-யிலிருந்து (படத்தைப் பிக்சலாக அல்லாமல் வடிவக் கணக்காக வைக்கும் வெக்டார் கோப்பு) நேரடியாக 20 பிக்சலுக்கு ஏற்றுமதி செய்து பார்த்தேன், அதுவும் கிட்டத்தட்ட அதே சேறு. வெக்டார் என்றால் எந்த அளவிலும் கூர்மை என்று எல்லோரும் சொல்வார்கள். 256-இல் அது சரி. 20-இல் விளிம்பு பிக்சல் எல்லையில் விழுகிறதா என்பது மட்டும்தான் கணக்கு.

இந்த ஐகானிலேயே பார்க்கலாம். நீலச் சீட்டு, இடது ஓரத்தில் நூல் கோக்கும் துளை, வலப்பக்கம் மூன்று பார்கோடு கோடுகள். 16 பிக்சல் கட்டத்தில் கோடுகள் 6, 8, 10 ஆகிய இடங்களில் தொடங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒரு பிக்சல் அகலம். இதை 1.25-ஆல் பெருக்கி 20-க்குக் கொண்டுபோனால் முதல் கோடு 7.5-இல் தொடங்கி 8.75-இல் முடிகிறது. பிக்சலை 0-விலிருந்து எண்ணினால், ஏழாவது பிக்சலில் பாதி, எட்டாவதில் முக்கால். இரண்டாவது கோடு 10-இலிருந்து 11.25 வரை, பத்தாவது முழுசு, பதினொன்றாவதில் கால். மூன்றாவது 12.5-இலிருந்து 13.75 வரை, மறுபடி பாதியும் முக்காலும். முதல் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒன்பதாவது பிக்சல் சுத்தமாக இருக்கிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் சுத்தமான பிக்சல் ஒன்றுகூட இல்லை, கால் கறுப்பும் பாதி கறுப்பும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கண்ணுக்குத் தெரிவது ஒரு கோடும், அதன் பக்கத்தில் ஒரு தடித்த கறையும்.

ஆகவே 16, 20, 24 மூன்றுக்கும் தனித்தனியாக வரைவதைத் தவிர வேறு வழியில்லை. இங்க்ஸ்கேப்பில் பக்க அளவை நேராக 20×20 பிக்சல் என்று வைத்து, ஒரு பிக்சல் கட்டம் போட்டு, கட்டத்தோடு ஒட்டும் வசதியை இயக்கிவிட்டு வரைய வேண்டும். கோடுகளை ஸ்ட்ரோக்காக, அதாவது பாதையின் மேல் தீட்டும் தடிமனாக, போடாதீர்கள். எஸ்விஜி-யில் ஸ்ட்ரோக் பாதையின் இரு பக்கமும் பாதிப்பாதி பரவும். முழு எண்ணில் வைத்த ஒரு பிக்சல் ஸ்ட்ரோக் இரண்டு பிக்சலில் அரையரையாக விழுந்து சாம்பலாகிவிடும். நிறம் நிரப்பிய செவ்வகமாகப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

20-இல் என்ன வரைவது என்பதில்தான் நிஜமான யோசனை. ஒரு பிக்சல் கோடு, இரண்டு பிக்சல் இடைவெளி என்று வைத்தால் ஐகான் பட்டினி கிடந்தது போல் மெலிகிறது. இரண்டு பிக்சல் கோடு, ஒரு பிக்சல் இடைவெளி என்றால் தூரத்திலிருந்து ஒரே கட்டி. பார்கோடு என்பது நல்லதாகப் போயிற்று, கோடுகள் சமமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 2, 1, 2 என்ற அகலத்தில், ஒரு பிக்சல் இடைவெளி விட்டு, 7-இலிருந்து 14-க்குள் முடித்தாயிற்று. 24-இல் தாராளம், இரண்டு பிக்சல் கோடு, இரண்டு பிக்சல் இடைவெளி, 8, 12, 16-இல் தொடக்கம். 28-க்குத் தனியாக வரையவில்லை. 24-இன் படத்தையே 28 சட்டத்துக்குள் நான்கு பக்கமும் இரண்டிரண்டு பிக்சல் விட்டு உட்கார வைத்தேன். கொஞ்சம் சின்னதாகத் தெரியும், ஆனால் கத்தி மாதிரி இருக்கும். இதே தந்திரத்தை 16-ஐ 20-க்குள் வைத்துச் செய்தால் ஐகான் அநியாயத்துக்குச் சிறுத்துவிடுகிறது, அங்கே வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு பிஎன்ஜி-யையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி இமேஜ்மேஜிக்கிடம் கொடுத்தால் அது அளவைத் தொடாமல் அடுக்கி ஐசிஓ ஆக்கிவிடும். கோப்பில் போனவை 16, 20, 24, 28, 30, 32, 36, 40, 48, 64, 256 என்று பதினொன்று. இமேஜ்மேஜிக்கின் அடையாளம் காட்டும் கட்டளையை (identify) ஐசிஓ-வின் மேல் ஓட்டினால் பதினொரு வரி வர வேண்டும். ஹெக்ஸ் எடிட்டரில் பார்ப்பவர்களுக்கு ஐந்தாவது பைட்டில் 11 என்ற எண்ணிக்கை, ஹெக்ஸில் 0B என்று, இருக்கும். அகல, உயரத்துக்கு ஒவ்வொரு பைட்தான் என்பதால் 256 என்பது 0 என்று எழுதப்பட்டிருக்கும். அதைப் பிழை என்று எண்ணித் திருத்தக் கூடாது.

256 மட்டும் பிஎன்ஜி-யாகவே உள்ளே இருக்கட்டும், விஸ்டாவிலிருந்து விண்டோஸுக்கு அது புரியும். அழுத்தாமல் வைத்தால் அந்த ஒரு படமே 2,70,376 பைட். பிஎன்ஜி-யாக 7 கேபி-க்குள் அடங்கியது. மற்ற பத்துப் படங்களும் தலைப்பும் சேர்ந்து 55,630 பைட். மொத்தம் 62 கேபி சுமார். விலைச்சீட்டு நிரலுக்கு இது ஒரு பாரமா என்றால், இல்லை.

டாஸ்க்பார் என்ற பிடிவாதக்காரன்

டைட்டில் பார் சரியானது. டாஸ்க்பாரில் மட்டும் லேசான பிசிறு. 100 சதவீதத்தில் அது காட்டுவது 24, நாம் பெரிய ஐகானாகக் கொடுப்பது 32. கொடுத்த கைப்பிடியை அது சுருக்கிக்கொள்கிறது, கோப்பைத் திரும்பத் திறந்து 24-ஐத் தேடுவதில்லை. பெரிய ஐகானுக்குப் பதில் 24-ஐயே அனுப்பினால் டாஸ்க்பார் பளிச். ஆனால் பெரிய ஐகானைக் கேட்டு வாங்கும் மற்ற இடங்களில் அதே 24 இழுபட்டது. ஒரு நாள் அப்படி வைத்திருந்துவிட்டுக் கழற்றிவிட்டேன்.

தீர்வு படத்திலேயே கிடைத்தது. எண்களை அடுக்கிப் பாருங்கள். 32-இலிருந்து 24, 40-இலிருந்து 30, 48-இலிருந்து 36, 64-இலிருந்து 48. எந்த ஸ்கேலிங்கிலும் விகிதம் அதே முக்கால். அப்படியானால் பெரிய ஐகானில் செங்குத்து, கிடை விளிம்புகள் எல்லாம் நான்கின் மடங்கில் விழுந்தால், சுருங்கும்போது அவை மூன்றின் மடங்கில், அதாவது முழு பிக்சலில் போய் உட்காரும். 32-இல் கோடுகளை 8–12, 16–20, 24–28 என்று மாற்றினேன். சுருங்கியதும் அவை 6–9, 12–15, 18–21. ஒரு பிக்சல்கூட சாம்பலாகவில்லை. 40-இல் 12–16, 20–24, 28–32, அவை 30-இல் 9–12, 15–18, 21–24. இடப்பக்கத் துளை வட்டம் என்பதால் அதற்கு இந்தக் கணக்கு செல்லாது, அது எப்படியும் மெல்லிய நிழல்விளிம்போடுதான் வரும், கண் அதை மன்னித்துவிடுகிறது. இந்த முழு வேலையிலும் மனசுக்கு நிறைவான பகுதி இதுதான். நிரலில் ஒரு வரிகூட எழுதவில்லை.

டாஸ்க்பாரில் பின் செய்து வைத்த ஐகான் ஷார்ட்கட் வழியாக எக்ஸ்இ-யிலிருந்து வருவது. அதற்காகத்தான் 24, 30, 36 மூன்றும் கோப்பில் இருக்கின்றன. எக்ஸ்இ-க்குள் பல ஐகான்கள் இருந்தால் எக்ஸ்ப்ளோரர் காட்டுவது மிகச் சிறிய எண்ணுள்ள ரிசோர்ஸை, அதாவது உள்ளே பொதித்து வைத்த ஐகானை. பெயர் வைத்த ரிசோர்ஸ்கள் எண்களுக்கு முன்னால் வரிசைப்படும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இடையில் அரை நாளைத் தின்ற பேய், ஐகான் கேஷ், ஒருமுறை காட்டிய ஐகான்களை விண்டோஸ் சேமித்து வைக்கும் இடம். புது எக்ஸ்இ-யைப் பழைய இடத்திலேயே வைத்தால் எக்ஸ்ப்ளோரர் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். 24-ஐ நான்கு முறை திருத்தி, நான்கு முறையும் மாற்றமில்லை என்று அலுத்த பிறகுதான் விழித்தது. ஐஇ4யூஇனிட் என்ற கட்டளையை 'ஷோ' தேர்வோடு ஓட்டினால் பெரும்பாலும் புதுப்பித்துக்கொள்ளும். அதைவிட எளிது, சோதனைக்கான ஒவ்வொரு பில்டுக்கும் கோப்புப் பெயரில் ஒரு எண்ணைச் சேர்ப்பது.

ட்ரே

ட்ரே ஐகான் ஜன்னலின் டிபிஐ-யைப் பின்பற்றக் கூடாது. ஜன்னல் எந்தத் திரையில் இருந்தாலும் ட்ரே இருப்பது முதன்மை டாஸ்க்பாரில். ஆகவே ஷெல்_ட்ரேவிண்ட் என்ற கிளாஸ் பெயரால் டாஸ்க்பார் ஜன்னலைத் தேடி, அதன் டிபிஐ-யைக் கேட்டு, அதற்குரிய சின்ன ஐகானை ஏற்ற வேண்டும்.

முதன்மைத் திரையின் ஸ்கேலிங் மாறும்போது விண்டோஸ் 10 டாஸ்க்பார்கிரியேட்டட் என்ற செய்தியை எல்லா மேல்நிலை ஜன்னல்களுக்கும் ஒலிபரப்புகிறது. எக்ஸ்ப்ளோரர் விழுந்து எழுந்தாலும் அதே செய்திதான். அதைப் பிடிக்கக் கோடு எழுதியும் செய்தி வரவே இல்லை. ட்ரேக்கு என்று ஒதுக்கியிருந்த ஜன்னல் 'மெசேஜ் ஒன்லி' வகை, திரையில் தோன்றாமல் செய்திகளை மட்டும் வாங்குவது. அந்த வகைக்கு ஒலிபரப்பு போய்ச் சேராது. அதைக் கண்ணுக்குத் தெரியாத சாதாரண மேல்நிலை ஜன்னலாக மாற்றியதும் செய்தி வந்துவிட்டது. வந்ததும், முதலில் என்ஐஎம்_மாடிஃபை, இருக்கும் ட்ரே ஐகானை மாற்றும் கட்டளை. அது தோற்றால்தான் என்ஐஎம்_ஆட், புதிதாகச் சேர்க்கும் கட்டளை. ஸ்கேலிங் மாறிய நேரத்தில் ஐகான் ஏற்கெனவே அங்கே இருப்பதால் நேராக ஆட் செய்தால் தோற்றுவிடும், எக்ஸ்ப்ளோரர் புதிதாக எழுந்த நேரத்தில் மாடிஃபை தோற்கும். இரண்டும் ஒரே செய்தி என்பதால் இந்த வரிசை.

டூல்பார்

சுருக்கமாக முடிந்தது. பொத்தான் படங்களின் தொகுப்பான இமேஜ் லிஸ்ட் உருவாகும்போதே அளவு பூட்டப்படுகிறது. டிபிஐ மாறினால் புது லிஸ்ட் கட்டிக் கொடுக்க வேண்டும். பொத்தான் அளவுகளைத் தனித்தனியாகச் சரிசெய்யப் போனபோது 150-இலிருந்து 100-க்குத் திரும்பும்போது இடைவெளிகள் குழம்பின. எட்டே பொத்தான்கள், டூல்பாரையே அழித்துத் திரும்பக் கட்டிவிடுவது முப்பது வரி கோடு. ஒவ்வொரு பொத்தானுக்கும் 16, 20, 24, 32 நான்கு பிஎன்ஜி, மொத்தம் 32 கோப்புகள். 20 பிக்சல் படங்களை வரைந்ததுதான் இங்கே உண்மையான உழைப்பு. கத்தரிக்கோல், அச்சுப்பொறி போன்றவை 20-இல் அழகாக அமைந்தன. சேமிக்கும் பொத்தானின் ஃப்ளாப்பி மூன்று முறை வரைந்தும் தபால்பெட்டி போலத்தான் இருக்கிறது.

நேரக் கணக்கு

ஐகான் வரைய 9 மணி நேரம், டூல்பார் படங்களுக்கு 11, கோடு (code) எழுத 4, கேஷும் கம்பாட்டிபிலிட்டி தாவலும் தின்றது 5, கடைசிச் சோதனை 3. முதலில் போட்ட மதிப்பீடு ஒரு நாள். வரையும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அதுதான் பாதிக்கு மேல்.

அடுத்த முறை வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். 256-இல் அலங்காரமாகத் தொடங்கிக் கீழே இறங்கியது தப்பு. 20-இல் நிற்கும் வடிவத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதை வளர்த்துக்கொண்டு மேலே போனால் வேலை பாதி. இந்தச் சீட்டின் 256-இல் ஏழு கோடுகளும் ஒரு நிழலும் இருக்கின்றன. அவை கீழே எங்கும் வாழவில்லை. சோதனையையும் 100-இல் தொடங்காமல் 125-இல் தொடங்க வேண்டும், அங்கே தேறினால் மற்றவை பெரும்பாலும் தேறும். பெரிய ஐகானுக்கு நான்கின் மடங்கு விதியை வரையும் முதல் நிமிடத்திலேயே கட்டமாகப் போட்டுக்கொள்ளலாம். ஐகான் ஏற்றுவது ஜன்னலையும் டிபிஐ-யையும் வாங்கிக்கொள்ளும் ஒரே ஃபங்க்ஷனாக இருக்கட்டும். இங்கே அது நான்கு இடத்தில் சிதறிக் கிடந்ததால்தான் ட்ரே மறந்துபோனது.

தீராதது ஒன்று மிச்சமிருக்கிறது. அமைப்பில் கஸ்டம் ஸ்கேலிங் என்று 100-இலிருந்து 500 வரை எந்த எண்ணையும் தட்டலாம். 110 என்று போட்டால் டைட்டில் பார் கேட்பது 18 பிக்சல். கோப்பில் 18 இல்லை, 20-ஐ எடுத்துச் சுருக்குகிறது, மூன்று கோடுகளில் நடுக்கோடு கரைந்துவிடுகிறது. 110 வைத்திருப்பவர் இதுவரை ஒருவர்தான் வந்திருக்கிறார். அவரை 125-க்குப் போகச் சொல்லியிருக்கிறது.